கொள்வினை கொடுப்பினை நின்றால் புது இனம்

வாசகர் கேள்வி – பதில்

புது இனம் எப்படி உருவாகிறது, பழைய இனம் எப்படி மாறுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்கள் பெரும்பாலும் தோட்டத்தையும் பட்டியையும் வைத்தே கேட்டிருக்கிறார்கள். பதிலும் அங்கிருந்தே வருகிறது.

எங்க கட்டுத்தரையில காங்கயம் பசு ஒண்ணு, ஜெர்சிக் கலப்பு ஒண்ணு, எருமை ஒண்ணு நிக்குதுங்க. காங்கயமும் ஜெர்சியும் வேற இனம்ங்கிறாங்க, எருமையும் வேற இனம்ங்கிறாங்க. ரெண்டு "வேற"யும் ஒண்ணுதானுங்களா?
– வாசகர், காங்கயம்

ஒன்றல்ல. "இனம்" என்ற சொல்தான் இங்கே ஆளைக் குழப்புகிறது. காங்கயம், பர்கூர், ஜெர்சி எல்லாம் மனிதன் பொறுக்கி வளர்த்த மாட்டு வகைகள். பசு, எருமை என்பது உயிரியல் பிரிவு. பாடநூலில் இதற்குச் சிற்றினம் என்று பெயர். பேச்சில் இரண்டையும் இனம் என்றே சொல்லிவிடுகிறோம்.

காங்கயம் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்று பிறக்கிறது. அந்தக் கிடேரி வளர்ந்து சினை பிடிக்கிறது, அதன் கன்றும் சினை பிடிக்கிறது. இரண்டுக்கும் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) எண்ணிக்கை 60. நம் பக்கத்து எருமைக்கு 50. காளை எருமை மேல் ஏறினாலும் கன்று வராது. கட்டுத்தரை ஒன்று, தீவனம் ஒன்று, ஆனால் ஒன்றின் மரபணு மற்றொன்றுக்குப் போக வழியில்லை. மரபணுவில் கொள்வினை கொடுப்பினை தலைமுறைக்குத் தலைமுறை நடந்துகொண்டிருந்தால் ஒரே சிற்றினம். அது அறுந்துபோனால் இரண்டு. (இந்த உவமையை மனிதர் பக்கம் நீட்ட வேண்டாம். எந்த ஊர், எந்தக் கூட்டமானாலும் மனிதர் எல்லாரும் ஒரே சிற்றினம்தான்.)

கோடு எப்போதும் இவ்வளவு துலக்கமாக விழாது. திமிலுள்ள நாட்டு மாடும் திமிலில்லாத சீமை மாடும் வெவ்வேறு காட்டு மாட்டுக் கூட்டங்களிலிருந்து வெவ்வேறு இடங்களில் பழக்கப்பட்டவை. அந்தக் காட்டு மூதாதைகள் பிரிந்து லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. காளைகளின் ஒய் குரோமோசோம் வடிவம்கூட இரண்டிலும் வேறு. சில நூல்கள் இரண்டுக்கும் தனித்தனி அறிவியல் பெயரே கொடுத்திருக்கின்றன. இருந்தும் கலப்பு நிற்கவில்லை. பிரிவினை பாதியில் இருக்கும்போதே மனிதன் திரும்பச் சேர்த்துவைத்துவிட்ட ஜோடி இது.

பட்டியில செம்மறிக் கிடாயும் வெள்ளாடும் ஒண்ணாத்தான் கிடக்குது. கிடாய் ஒரு வெள்ளாட்டை மிதிச்சுதுங்க. ரெண்டு மாசமா ஆடு பருவத்துக்கும் வரல. குட்டி வந்தா எப்படி இருக்கும்?
– வாசகர், மூலனூர்

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. செம்மறிக் கிடாய் வெள்ளாட்டை மிதித்தால் கரு பிடிக்கவே செய்யும். ஆனால் நஞ்சுக்கொடி சரியாகப் பற்றாமல் பெரும்பாலும் இரண்டாம் மாதவாக்கில் கரு செத்துவிடும். வெள்ளாட்டுக் கிடாய் செம்மறியை மிதித்தால் கரு தரிப்பதே அபூர்வம். உயிரோடு பிறந்த கலப்புக் குட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000ஆம் ஆண்டு போட்ஸ்வானா நாட்டில் இப்படிப் பிறந்த கிடாய்க்குட்டி ஒன்றைப் பற்றிய விவரம் வெளியானது. அதற்கு 57 குரோமோசோம், அது மலடு.

உங்களுக்கு நஷ்டம் நாள்கணக்கில். வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். உருப்படாத கரு வயிற்றில் இருக்கும்வரை அதுவும் வராது. கலைவதும் கண்ணில் படாது. சிறிய கரு, மேய்ச்சலில் எங்கோ விழுந்துவிடும். சினை என்று நம்பி மூன்று பருவத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இனிமேல் பருவத்துக்கு வந்த வெள்ளாட்டை அந்த இரண்டு நாளும் வெள்ளாட்டுக் கிடாயோடு தனியே அடையுங்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பசு – எருமையில் கருவே நிலைப்பதில்லை. செம்மறி – வெள்ளாட்டில் கரு இரண்டு மாதம் ஓடுகிறது. குதிரை – கழுதையில் கோவேறு கழுதை பிறந்து, வளர்ந்து, மூட்டையும் சுமக்கிறது. 64க்கும் 62க்கும் நடுவே 63 குரோமோசோமோடு மலடாக நின்றுவிடுகிறது. தடை எல்லா ஜோடிக்கும் ஒரே படியில் விழுவதில்லை.

எங்க பாட்டி காலத்துல கருங்கண்ணி, உப்பம்னு நாட்டுப் பருத்தி போட்டாங்களாம். அப்புறம் கம்போடியா வந்துச்சு. நாட்டுப் பருத்தி வறட்சி தாங்கும், கம்போடியா இழை நீளம். ரெண்டையும் ஒட்டி ஒண்ணு செய்ய ஏன் முடியல?
– வாசகர், அவிநாசி

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் 26 குரோமோசோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைப் பக்கம் பரவிய கம்போடியாப் பருத்தி, பெயர்தான் கம்போடியா, பிறப்பால் அமெரிக்கப் பருத்தி. அதற்கு 52. இன்று நம் காட்டில் இருக்கும் ஒட்டுரகம், காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு ஏற்றிய பி.டி. ரகம் ஏறக்குறைய எல்லாமே இந்த 52 வகைதான்.

ஒட்டுச்சேர்க்கை வேலை விதைப்பருத்திக் காட்டில் போனவர்களுக்குப் பழக்கம். மறுநாள் மலரப்போகும் மொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதழ் முறுக்கிய கூம்புபோல் சப்பைக்கு வெளியே நீண்டிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கட்டைவிரல் நகத்தால் அடியில் சுற்றிக் கீறித் திருகினால், இதழும் மகரந்தப்பைகளும் ஒரே உறையாகக் கழன்று வரும். நகம் ஆழமாக இறங்கிச் சூலகத்தில் பட்டால் காய் உதிரும். ஒரு மகரந்தப்பை தங்கிவிட்டாலும் அது தன் பூவிலேயே சேர்ந்து, ஒட்டு என்று நீங்கள் நினைக்கும் விதை வெறும் தாய்ச்செடி விதையாகிவிடும். மொட்டின் மேல் காகிதப் பை மாட்டி, மறுநாள் காலை ஆண்பூவை எடுத்துச் சூல்முடி முழுக்கத் தடவி, நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். ஒரு ஆண்பூ நான்கைந்து பூவுக்குப் போதும்.

இதையே கம்போடியாப் பூவில் கருங்கண்ணி மகரந்தத்தை வைத்துச் செய்தால், காய் பிடித்தது போலத் தெரியும். சில நாளில் கொத்தாக உதிரும். கருவுக்குச் சோறு ஊட்டும் திசு வளராமல் கரு பட்டினியில் சாவதே காரணம். ஆய்வுக்கூடத்தில் வளர்ச்சி ஊக்கி சொட்டிக் காயை நிறுத்தி, கருவைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துச் செடியாக்குகிறார்கள். செடி ஓங்கி வளரும், பூக்கும். பஞ்சு மட்டும் வராது.

ஏன் என்று எண்ணிப் பாருங்கள். கருங்கண்ணி மகரந்தத்தில் 26இல் பாதி, 13. கம்போடியாச் சூலில் 52இல் பாதி, 26. சேர்ந்தால் 39. மகரந்தமோ சூலோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துதான் பிரிய வேண்டும். இங்கே 13 ஜோடிதான் சேரும். மிச்சம் 13 துணையின்றிக் கண்டபடி சிதறும். அந்த மகரந்தத்தை அசிட்டோகார்மைன் சாயத்தில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல மணி சிவந்து உருண்டிருக்கும், மற்றதெல்லாம் நெல் பதர்போல் சுருங்கி வெளிறிக் கிடக்கும்.

இந்த மலட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. அதன் மூலப்பொருள் மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் விளைகிறது: கண்வலிக்கிழங்கு. செங்காந்தள்தான். அந்தப் பூவில் சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டு விலகிச் செங்குத்தாக மடங்கியிருப்பதால், காலையில் ஆள் விட்டுக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். விதையில் இருக்கும் கொல்கிசின் என்ற மருந்துப்பொருளுக்காகத்தான் இவ்வளவு பாடு.

செல் இரண்டாகும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க நுண்ணிய இழைகள் உண்டு. கொல்கிசின் அந்த இழையைக் கட்டவிடாது. குரோமோசோம் இரட்டித்திருக்கும், பங்கு மட்டும் பிரியாது; எல்லாம் ஒரே செல்லில் தங்கிவிடும். 39 என்பது 78 ஆகும். இப்போது ஒவ்வொன்றுக்கும் துணை உண்டு. மகரந்தம் நிறைகிறது, காய் பிடிக்கிறது, விதை முளைக்கிறது.

செய்முறை: மிகக் குறைந்த சதவீதக் கரைசலில் பஞ்சை நனைத்து, நாற்றின் வளர்நுனியில் வைப்பார்கள். செல் பிரியும் நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும் என்பதால் முற்றிய நுனியில் பலிக்காது. அளவு கூடினால் நுனி கருகும். பெரும்பாலும் நடப்பது அரைகுறை: ஒரு கிளை இரட்டித்திருக்கும், பக்கத்துக் கிளை பழையபடியே இருக்கும். இலை தடித்திருக்கிறதா, இலைத்துளை பெரிதாயிருக்கிறதா, மகரந்தமணி பருத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். உறுதி செய்ய வேர்நுனியில் எண்ணுவது வழக்கம், ஆனால் நுனிக்கு மருந்து வைத்த செடியில் வேர் பழைய எண்ணையே காட்டும். மொட்டில் எண்ண வேண்டும். கொல்கிசின் கொடிய விஷம், மருந்தளவைச் சற்றுத் தாண்டினாலே உயிர் போகும். கண்வலிக்கிழங்கு விதையை அரைத்து வீட்டில் முயன்று பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

78 குரோமோசோம் செடியைத் திரும்பக் கம்போடியாவோடு சேர்த்தால் 65 வரும். மறுபடி ஒற்றைப்படை, மறுபடி பெரும்பாலும் பதர். அதாவது பெற்றோரோடு இருந்த கொள்வினை ஒரே தலைமுறையில் அறுந்துவிட்டது. புதுச் செடி தன் வகையோடு மட்டுமே வம்சம் வளர்க்கும். பயிர்விஞ்ஞானிகள் அந்தப் பதருக்கு நடுவே தப்பிய ஒன்றிரண்டு விதையைப் பிடித்து, பல தலைமுறை கம்போடியா வகையோடு சேர்த்து, நோய் தாங்கும் குணத்தை மட்டும் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வறட்சி தாங்கும் குணம் ஒரு மரபணுவில் இல்லை, பலவற்றில் சிதறியிருக்கிறது. நீங்கள் கேட்ட ஒட்டு கைக்கு எட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே வேலையை இயற்கை முன்பே செய்துவிட்டது. 52 பருத்தியே அப்படிப் பிறந்ததுதான். நம் உப்பம், கருங்கண்ணிக்கு உறவான ஒரு 26உம் அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பருத்தி 26 ஒன்றும் சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுக்கு முன் அங்கே சேர்ந்து, தானாக இரட்டித்தன. 1940இல் பீஸ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி கருங்கண்ணி வகையை ஒரு அமெரிக்கக் காட்டுப் பருத்தியோடு சேர்த்து, கொல்கிசினால் இரட்டித்து, வந்த செடியை 52 பருத்தியோடு கூட்டிப் பார்த்தார். சேர்ந்தது; 52 பருத்தி பிறந்த வழி இதுதான் என்பதற்கு அது சாட்சி. மருந்தில்லாமலே இப்படி இரட்டித்த ஒரு புல்லை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்கரையிலும் கண்டார்கள்.

சந்தையில் வாங்கும் விதையில்லாத் தர்பூசணியும் இந்தக் கணக்குத்தான்: 22ஐக் கொல்கிசினால் 44 ஆக்கி, அதை 22ஓடு சேர்த்தால் 33. பழம் வரும், விதை வராது. வாழையில் பூவன், நேந்திரன், ரஸ்தாளி எல்லாம் 33. அதை மட்டும் யாரும் மருந்து வைத்துச் செய்யவில்லை.

குரங்கிலிருந்து மனுசன் வந்தான்னா, எங்க ஊர்ச் சிங்கவால் குரங்கு ஏன் இன்னும் மாறாமலே இருக்குது?
– வாசகர், வால்பாறை

உங்கள் பெரியப்பா மகனிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். அதுபோலத்தான். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது சுமார் 60–70 லட்சம் ஆண்டுக்கு முன். சிங்கவால் குரங்கின் கிளை பிரிந்தது அதற்கும் வெகு காலம் முன்பு. அதுவும் மாறாமல் இல்லை. சோலைக்காட்டு மரக்கிளைக்கு ஏற்றபடி மாறியதால்தான் அது சிங்கவால் குரங்கு. தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எங்க தென்னைய ஆட்டி எடுக்குது. இந்தக் கணவாய் உயிரினங்களையும் பிரிச்சிருக்குதுன்னு படிச்சேன். நாப்பது கிலோமீட்டர் இடைவெளி பறவைக்கு ஒரு தடையா?
– வாசகர், பொள்ளாச்சி

காக்கைக்குத் தடையே இல்லை. கோவையில் விடிந்தால் பொள்ளாச்சியில் அடையலாம். தடை என்பது தூரத்தில் மட்டும் இல்லை, யார் கடக்க வேண்டும் என்பதிலும் இருக்கிறது.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் உயரத்தில், குளிர்ந்த சோலைக்குள் மட்டும் வாழும் சிறு பறவைகள் சில உண்டு. தரையை ஒட்டிய புதரில் பூச்சி பொறுக்கும், நீண்ட தூரம் பறக்காது, வெயில் ஆகாது. அவற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தீவு, அந்தப் பக்கம் ஒரு தீவு; நடுவில் 30–40 கிலோமீட்டர் வெக்கைச் சமவெளி கடல்போல. சோலைக்கிளி என்று சொல்லப்படும் நீலப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பறவைக்கு விலாப்புறம் செம்மண் நிறம். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பறவைக்கு வயிறு வெள்ளை. சிரிப்பான் குருவியிலும் நீலகிரிக்கு ஒன்று, ஆனைமலை–பழனிக்கு வேறொன்று. 2017இல் வெளியான மரபணு ஆய்வு இவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாக உறுதிசெய்ததோடு, இரண்டு குழுவுக்கும் புதுப் பேரினப் பெயரும் (நெருங்கிய சிற்றினங்களுக்கான பொதுப்பெயர்) வைத்தது. ஒன்றின் பெயரில் நம் "சோலை" அப்படியே இருக்கிறது.

பிரிவு நடக்கும் விதத்தை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். தட்பவெப்பம் குளிர்ந்த காலங்களில் சோலை கீழே இறங்கும், வெப்பம் கூடினால் மலையுச்சிக்கு ஒதுங்கும். அப்படி ஒதுங்கிய கூட்டங்களுக்குள் போக்குவரத்து நிற்கிறது. இரண்டு பக்கமும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுசிறு மரபணுப் பிழைகள் சேர்கின்றன. இந்தப் பக்கத்துப் பிழை அந்தப் பக்கம் போகாது. சிறிய கூட்டத்தில் ஒரு பிழை வெறும் தற்செயலாகவே எல்லாப் பறவைக்கும் பரவிவிடும். எந்தப் பறவையும் "மாற" முயலவில்லை. கலப்பதை நிறுத்திவிட்டால் வேறுபாடு தன்னால் சேர்கிறது. ஆனால் இதற்குப் பருத்தியைப் போல ஒரு தலைமுறை போதாது, லட்சக்கணக்கான ஆண்டு வேண்டும்.

யானை பெரிய விலங்காயிற்றே என்றால், கணவாய்க்கு இரு புறத்து யானைக் கூட்டங்களிலும் மரபணு வேறுபாடு தெரிகிறது. தனிச் சிற்றினமாகும் அளவுக்கு இல்லை. வரையாட்டிலும் அப்படியே.

பிரிக்க மலையே வேண்டும் என்பதில்லை, மழையும் பிரிக்கும். மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளும் ஊதாத் தவளை 2003இல் மேற்குச் சரிவிலிருந்து பெயரிடப்பட்டது. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வந்து முட்டையிடும். கிழக்குச் சரிவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிடைத்த அதன் உறவுத்தவளை வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. ஒன்று வெளியே வரும்போது மற்றது மண்ணுக்குள். அதைத் தனிச் சிற்றினமாக 2017இல் விவரித்தவர்கள், ஆனைகட்டி சலீம் அலி மையத்தில் ஊர்வன, தவளைகளை ஆராய்ந்த பூபதியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள்.

மரவள்ளியில வருசத்துக்கு ஒரு புது மாவுப்பூச்சி வருது. மருந்தடிச்சாலும் சாகறதில்ல. மருந்துக்குத் தப்பிச்சுப் புது இனமா மாறிடுச்சுங்களா?
– வாசகர், ராசிபுரம்

மூன்று வேறு விஷயங்கள் இதில் கலந்திருக்கின்றன.

முதலாவது, புதிதாக வந்தது வேறு, புதிதாக உருவானது வேறு. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் 2020இல் நம் மரவள்ளிக்கு வந்த மரவள்ளி மாவுப்பூச்சியும் அமெரிக்கக் கண்டத்துப் பழைய சிற்றினங்கள். 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் கண்ட சுருள் வெள்ளை ஈயும் அப்படியே. இங்கே அவற்றின் எதிரி இல்லை, அதனால்தான் பெருகின.

இரண்டாவது, மருந்துக்கு மசியாமல் போவது. பரிணாமம்தான், ஆனால் அதே சிற்றினத்துக்குள். ஆயிரத்தில் ஒன்று ஏற்கெனவே தாங்கும் மரபணுவோடு இருக்கும். நீங்கள் அடிக்கும் மருந்து மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் ஒழித்துக்கொடுக்கிறது. பி.டி. பருத்தியோடு 450 கிராம் பாக்கெட்டுக்கு 120 கிராம் சாதா விதை கொடுத்தது இதைத் தடுக்கத்தான்: சாதாச் செடியில் பிழைக்கும் மசியும் பூச்சிகள், தப்பிய ஒன்றிரண்டோடு கூடி அந்த மரபணுவை நீர்க்கச் செய்யும். சுற்றிலும் ஐந்து வரிசை நட வேண்டியதை வீசி எறிந்தோம். பச்சைக் காய்ப்புழுவுக்குத் தக்காளி, கடலை என்று வேறு பயிர் உண்டு, அதனால் ஓரளவு தாங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியைத் தவிர அதிகம் வேறெதையும் தின்னாது. அதுதான் முதலில் மசியாமல் போனது. குஜராத்தில் 2010வாக்கில் வெளிவந்தது.

மூன்றாவது, ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சிற்றினங்கள். 1970களில் ஆப்பிரிக்க மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதே மாதிரி ஒன்றைக் கண்டு, அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அது வேறு சிற்றினம். குளவிக்கு அது தெரிந்தது, மனிதனுக்குத் தெரியவில்லை. 1981இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்து, அதன் குளவியை விட்ட பிறகே அடங்கியது. அதே குளவியைத்தான் 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலும் விட்டார்கள். மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆணே இல்லை, பெண் தானாகவே குட்டி பெருக்கும். காங்கயம் வாசகருக்குச் சொன்ன கொள்வினைக் கணக்கு இதற்குச் செல்லாது. உருவத்தையும் மரபணுவையும் வைத்தே பிரிக்க வேண்டும். மரவள்ளித் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈயோ இன்னும் மோசம். ஒரே பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள், கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. மருந்துக்கு மசிவதில் மட்டும் வேறு வேறு.

ஆகவே, அடுத்த மருந்து வாங்குமுன் பூச்சியைக் காட்டுங்கள். வளர்ந்த பெண் மாவுப்பூச்சி பத்துப் பதினைந்தை மென்மையான தூரிகையால் எடுத்து, ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் போடுங்கள். மஞ்சள் பூச்சி ஒன்றிரண்டு நாளில் நீலக் கறுப்பாக மாறினால் அநேகமாகப் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்து, செடியின் கொழுந்தும் சுருண்டு குறுகியிருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி என்று சந்தேகிக்கலாம். வெள்ளை ஈ என்றால் பறக்கும் ஈயால் பயனில்லை, கூட்டுப்புழு ஒட்டிய இலையையே காகித உறையில் வையுங்கள். பயிர், ஊர், தேதி, கடைசியாக அடித்த மருந்து, நான்கையும் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்தால் போதும். முடிவு வரும்வரை மருந்தடிக்காமல் இருந்தால், இலைக்கடியில் குளவி ஏற்கெனவே வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்: விறைத்து, பழுப்பேறி, வட்ட ஓட்டை விழுந்த மாவுப்பூச்சி கிடக்கும்.